ஆணி டயர் வாங்கப்போகும் டொராண்டோ நண்பர்களுக்கு



நவம்பர் வந்ததும் நம் சைக்கிள் குழுவில் வழக்கமான பேச்சு தொடங்கிவிட்டது. சைக்கிளைக் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, கராஜ் சுவரில் மாட்டிவிட்டால் இனி ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் ஒரு பக்கம். இந்த வருஷம் எப்படியும் குளிர்காலத்திலும் காட்டுப்பாதையில் ஓட்டியே தீருவது என்று டயர் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த மடல் இரண்டாவது பக்கத்தில் இருப்பவர்களுக்கு. முதல் பக்கத்தில் இருப்பவர்களும் படியுங்கள். உங்களில் சிலராவது கட்சி மாறுவீர்கள் என்ற ஆசையும் எனக்கு உண்டு. டிசம்பரில் மாலை 4.40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் ஊர் இது. வேலை, வீடு, பேஸ்மென்ட், டிவி என்று மாதக்கணக்கில் அடைந்து கிடப்பது உடம்பையும் மனசையும் என்ன பாடு படுத்துகிறது என்று நாம் எல்லோரும் நம் வீடுகளிலேயே பார்த்தவர்கள்தான். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் மரங்களுக்கு நடுவே ஓட்டிவிட்டு வந்தால் அந்த வாரமே வேறு மாதிரி போகிறது. அதற்கும் நமக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் ஒரு ஜோடி டயர்தான்.

"எந்த டயர் வாங்கலாம்?" என்று கேட்கிறீர்கள். அகலத்தைப் பற்றி வாதம் நடக்கிறது. ஆணி எண்ணிக்கையைப் பற்றி நடக்கிறது. விலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் நாம் ஓட்டும் பாதை ஜனவரியில் எப்படிக் கிடக்கிறது என்பதை யாரும் பேசக் காணோம். முதலில் அதைப் பேசிவிட்டால் பாதி வாதம் தானாகத் தீர்ந்துவிடும்.

நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அலாஸ்காவிலும் மினசோட்டாவிலும் எடுத்தவை. அங்கே விழுந்த பனி விழுந்தபடியே கிடக்கும். அடுத்தடுத்து விழுவது அதன் மேல் அடுக்கடுக்காக ஏறும். ஆள் நடந்தும் வண்டி ஓடியும் அது இறுகி, வெள்ளைச் சிமென்ட் போட்டது மாதிரி ஒரு பாதை உருவாகிவிடும். அந்த ஊருக்கு நாலு அங்குல, ஐந்து அங்குல டயர் போட்ட ஃபேட் பைக் பிரமாதமான வண்டி. 2005இல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற ஃபேட் பைக்கைக் கடைக்குக் கொண்டுவந்ததிலிருந்து அந்த வகை வண்டி இப்படிப் பரவியதற்குக் காரணமே அந்த மாதிரிப் பனிதான்.

டொராண்டோவின் குளிர் அப்படிப்பட்டது இல்லை. பக்கத்திலேயே ஒன்டாரியோ ஏரி கிடப்பதால் ஜனவரியில்கூடப் பகல் வெப்பநிலை சராசரியாகப் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. இரவில் மைனஸ் ஏழு வாக்கில் இறங்குகிறது. திங்கட்கிழமை பனி விழும். புதன்கிழமை மழை தூறும். வியாழன் இரவு எல்லாம் சேர்ந்து உறைந்துவிடும். சனிக்கிழமை காலை நாம் போய் இறங்கும்போது காத்திருப்பது, உருகி உறைந்து மறுபடி உருகி மறுபடி உறைந்த ஒரு கலவை.

டான் பள்ளத்தாக்கில் நாம் ஓட்டும் குரோதர்ஸ் உட்ஸ் காட்டில் ஒரு கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரெட்வே ரோடு பக்கம் இறங்கும் இடத்தில் நன்றாக மிதிபட்டு இறுகிய பனி. ரப்பர் பட்டன் பட்டனாகத் துருத்தி நிற்கும் எந்த டயரும் அதில் பிடிக்கும். பத்திருபது அடி தள்ளி, தெற்கே பார்த்த சரிவில் வெயில் பட்டுப் பனியே இல்லாமல் உறைந்த மண்ணும் சருகும். அடுத்த வளைவில், மேட்டிலிருந்து ஊற்றுநீர் கசிந்து பாதையின் குறுக்கே வழிந்து, கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். அதுவும் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதைத் தாண்டினால் மரவேர்கள், அவற்றின் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஐஸ் பூச்சு. பிறகு ஆற்றோரச் சமவெளி. நாய்களைக் கூட்டிக்கொண்டு நடக்க வருபவர்கள் நெகிழ்ந்த பனியில் பதித்துவிட்டுப் போன காலடிகள், இரவில் அப்படியே கல்லாகிக் கிடக்கும். கடைசியில் லோயர் டான் டிரெயிலின் தார்ப்பாதை, உப்பும் ஈரமுமாக. இத்தனையும் ஐந்து நிமிஷத்தில் ஒரே டயருக்கு அடியில் வந்து போகின்றன. இந்த மண்பாதைகளில் யாரும் பனி வாரிப் போடுவதும் இல்லை, உப்புத் தூவுவதும் இல்லை.

இதில் நம்மைத் தள்ளிவிடுவது பனி இல்லை, ஐஸ். அதிலும் முக்கியமாக அந்தக் கசிவுநீர் ஐஸும் கல்லாகிப்போன காலடிகளும். டயரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டையும் கண் முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழமான புதுப்பனியில் வண்டி திணறினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. சாய்ந்த ஐஸில் முன்சக்கரம் வழுக்கினால் கையை ஊன்றுவதற்குள் தோள்பட்டை தரையில் இருக்கும்.

ஐஸ் எப்போதும் ஒரே மாதிரி வழுக்குவதில்லை என்பதும் இங்கே சேர்கிறது. பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஐஸின் மேல்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் தளர்ந்து நிற்கும். ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் படலத்தின் மேல் மிதந்துவிடும். மைனஸ் இருபதில் ஐஸ் காய்ந்து இறுகிவிடுகிறது. அங்கே ரப்பருக்கே ஓரளவு பிடி கிடைக்கும், ஆணிக்குத்தான் உள்ளே இறங்குவது கஷ்டம். நம் ஊர் ஐஸ் மைனஸ் ஒன்றிலும் இரண்டிலும் கிடப்பது. வழுக்குவதில் இதைவிட மோசமானது கிடையாது. ஆனால் ஆணி நன்றாக இறங்குவதும் இதில்தான். உலகில் ஆணி டயருக்கு முழுப் பலன் கிடைக்கும் இடங்களில் டொராண்டோவையும் சேர்க்கலாம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். கார்களுக்கு ஆணி டயர் போட வடக்கு ஒன்டாரியோக்காரர்களுக்கு மட்டும் 2005இல் அனுமதி வந்தது, நம் பக்கம் கிடையாது. சைக்கிளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி ஆணிக்கு வருவோம். கடையில் டயரைக் கையில் எடுத்தால் விரலால் ஒரு ஆணியைத் தடவிப் பாருங்கள். ரப்பர் பட்டனுக்குள் புதைந்திருக்கும் உடல் ஒரு உலோகம். நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் முனை இன்னொன்று. அந்த முனை டங்ஸ்டன் கார்பைடா, வெறும் எஃகா என்பதுதான் கடைக்காரரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி. நம் ஓட்டத்தில் தார்ப்பாதையும் கல்லும் உறைந்த மண்ணும் நிச்சயம் வரும். எஃகு முனை அதில் தேய்ந்து ஒரே பருவத்தில் மழுங்கிவிடும். மழுங்கிய ஆணி, ஐஸில் உருளும் கூழாங்கல்லுக்குச் சமம். கார்பைடு பல பருவங்களுக்குத் தாங்கும். எஃகு ஆணி டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று சிலர் சொன்னீர்கள். இரண்டாவது குளிரில் மறுபடி வாங்கும்போது கணக்கு சரியாகிவிடும். அதற்கு முன்னால் ஒரு மணிக்கட்டு உடையாமல் இருந்தால் சரி. பழைய டயருக்குள்ளிருந்து ஸ்குரூ ஏற்றிச் சொந்தமாகச் செய்துகொள்ளலாம் என்று யோசிக்கும் தம்பிகளுக்கும் அதே பதில்தான். உறைந்த ஏரியின் மேல் ஓட்டுவதற்கு அது போதும். நாம் ஓட்டும் கலவைப் பாதையில் ஸ்குரூ சீக்கிரமே மொட்டையாகும், தலை ட்யூபைக் கிழிக்கும்.

முனையின் வடிவத்திலும் வித்தியாசம் உண்டு. சிலவற்றில் முனை உருண்டையாக இருக்கும், சிலவற்றில் நடுவில் குழிந்து விளிம்பு கூராக இருக்கும். மினசோட்டாக்காரர்களான 45 நார்த் நிறுவனம் குழிந்த முனையில் அகலமான ஆணியைச் செய்கிறது. சாய்ந்த ஐஸில் அந்த விளிம்பு கடிக்கும் கடியை ஒருமுறை உணர்ந்தவர்கள் உருண்டை முனைக்குத் திரும்ப யோசிப்பார்கள்.

எண்ணிக்கையைப் பற்றி நம்மிடம் நடக்கும் வாதம் கொஞ்சம் திசை தவறிப் போகிறது. ஷ்வால்பே நிறுவனத்தின் ஐஸ் ஸ்பைக்கர் புரோ, 29 அங்குலத்துக்கு 2.25 அளவில், 402 ஆணிகளோடு வருகிறது. 45 நார்த்தின் நிகோட்டின், 29க்கு 2.35 அளவில், 222 ஆணிகளோடு வருகிறது. முதலாவதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆணிகள். ஆனால் ஒரு நேரத்தில் தரையைத் தொடுவது எத்தனை என்று பாருங்கள். 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். டயர் தரையில் பதியும் நீளம் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் அந்த இடத்துக்குள் 17 ஆணிகள் வரும், இரண்டாவதில் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவற்றிலும் ஓரத்து ஆணிகள் நேராக ஓட்டும்போது அந்தரத்தில் நிற்கும். ஆக, உங்கள் முழு எடையையும் ஐஸில் பிடித்து நிறுத்துவது ஏதோ ஏழெட்டு ஆணிகள். அவை எங்கே இருக்கின்றன, எவ்வளவு பெரியவை, எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதெல்லாம் மொத்த எண்ணிக்கைக்குச் சற்றும் குறையாத விஷயங்கள். ஃபின்லாந்தின் நோக்கியன் நிறுவனத்தின் பழைய டயர்களின் பெயரிலேயே ஆணி எண்ணிக்கை இருக்கும்: 106, 160, 240, 294 என்று. 106 ஆணி டயர் ஊர்ச்சாலையில் வேலைக்குப் போய்வருபவர்களுக்கானது. 294 காட்டுக்கானது. எண்ணிக்கையால் இந்த அளவுக்கு வகை பிரிக்கலாம். அதற்கு மேல் எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

நமக்கு வேண்டியது ஓரத்தில் ஆணி. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கல்லாகிப்போன காலடிப் பள்ளத்துக்குள் முன்சக்கரம் இறங்கும்போது என்ன நடக்கிறது என்று மெதுவாக யோசித்துப் பாருங்கள். பள்ளத்தின் சுவர் டயரின் பக்கத்தில் உரசுகிறது. நீங்கள் வெளியே வர ஹேண்டில்பாரைத் திருப்புகிறீர்கள். நடுவில் மட்டும் ஆணி இருந்தால், ஆணியே இல்லாத ஓரம் அந்த ஐஸ் சுவரில் வழுக்கிக்கொண்டே போகும், சக்கரம் ஏறாது. உங்கள் உடம்பு ஒரு பக்கம் போகும், வண்டி இன்னொரு பக்கம் போகும். ஓரத்துப் பட்டன்களில் ஆணி இருந்தால் அது சுவரைக் குத்திப் பிடித்து மேலே ஏறும். கசிவுநீர் உறைந்த சரிவிலும் இதே கதை. தரை சாய்ந்திருப்பதால் அங்கே டயரின் ஓரம்தான் முதலில் தொடுகிறது. நடுவில் இரண்டு வரிசை மட்டும் ஆணி வைத்த மலிவான டயர்கள் தட்டையான ரோட்டில் ஐஸ் கிடந்தால் சமாளிக்கும், நம் பாதைக்கு ஆகாது. டயரை வாங்கும் முன் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: வெளிவிளிம்பை ஒட்டிய கடைசிப் பட்டன் வரிசையில் ஆணி இருக்க வேண்டும், நடுவிலும் இருக்க வேண்டும்.

அடுத்தது அகலம். ஃபேட் பைக் வாங்கத் துடிக்கும் அண்ணன்மார் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். வடக்கே அக்ஸ்பிரிட்ஜ் பக்கம், ஓக் ரிட்ஜஸ் மேட்டின் மணல் நிலத்தில் இருக்கும் டர்ஹம் ஃபாரஸ்ட் மாதிரி இடத்துக்கு வாராவாரம் போவதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஏரியை விட்டுத் தள்ளி இருப்பதால் அங்கே குளிர் கூடுதல், பனி நின்று தங்குகிறது, பல சக்கரங்கள் ஓடி இறுகிக் கிடக்கிறது. இயந்திரத்தால் பனியைச் சமன்செய்து வைக்கும் சில பூங்காக்களில் அகல டயர் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். ஆனால் நம் சனிக்கிழமைகளில் பெரும்பாலானவை டான் பள்ளத்தாக்கில்தான் கழிகின்றன. இங்கே 2.25 முதல் 2.6 அங்குல ஆணி டயரே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆணி ஐஸுக்குள் இறங்க வேண்டுமென்றால் அதன் தலையில் எடை விழ வேண்டும். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம்தான் அந்த எடையை ஒவ்வொரு பட்டனுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. 20 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. ஃபேட் டயரை ஓட்டும் 5 பிஎஸ்ஐ என்பது 0.35 கிலோதான். டயர் உறையின் விறைப்பும் கொஞ்சம் உதவும் என்றாலும், ஒரே அளவு பட்டனில் உட்கார்ந்திருக்கும் ஒரே அளவு ஆணிக்கு ஃபேட் டயரில் கிடைக்கும் தள்ளு பல மடங்கு குறைவு. பனியின் மேல் மிதப்பதற்காகச் செய்த டயர், ஐஸைக் குத்துவதில் பின்தங்குவது இயல்புதான். அதனால்தான் ஃபேட் டயரில் பெரிய ஆணி வேண்டியிருக்கிறது. 45 நார்த்தின் டில்லிஞ்சர் 4இல் 240, அதைவிட அகலமான டில்லிஞ்சர் 5இல் 258 என்று எண்ணிக்கை பார்க்க நிறைவாக இருக்கலாம். அவ்வளவும் அத்தனை அகலத்தில் பரந்து கிடக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஃபேட் பைக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம், பெரிய குழிமுனை ஆணி வைத்த டயரைத் தேடுங்கள், அது நன்றாகவே பிடிக்கும். ஏற்கெனவே நல்ல மலைச்சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஐஸுக்குப் பயந்து இன்னொரு வண்டி வாங்கத் தேவையில்லை என்பதே என் கட்சி.

காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் கொஞ்சம் நிறையவே பேசப்போகிறேன். காற்று அதிகமாக இருந்தால் டயர் உருண்டையாக நின்று நடு ஆணிகள் மட்டும் தொடும், நாம் காசு கொடுத்து வாங்கிய ஓரத்து ஆணிகள் சும்மா காற்றில் சுற்றும். குறைவாக இருந்தால் ஆணிக்குத் தள்ளு போதாது, ரிம் கல்லில் அடிபடும். 29 அங்குல 2.25 டயரில், சராசரி எடை உள்ளவருக்கு, 20 பிஎஸ்ஐயை ஒட்டித் தொடங்கி ஒன்றிரண்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவு அதைவிட அதிகமாக இருந்தால் அதை மதித்துக்கொள்ளுங்கள். ட்யூப் போட்டு ஓட்டுபவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தால் பஞ்சர் தொல்லை குறையும்.

இந்த அளவை எங்கே பார்க்கிறீர்கள் என்பது அளவைப் போலவே முக்கியம். இருபது டிகிரி சூட்டில் இருக்கும் வீட்டுக்குள் 25 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மைனஸ் பத்தில் பாதைக்குப் போனால் டயருக்குள் மிச்சம் இருப்பது சுமார் 21தான். காற்று எங்கும் கசியவில்லை, குளிரில் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். ஃபேட் டயரில் இது இன்னும் கொடுமை. வீட்டில் 8 என்று காட்டியது வெளியே 6ஐக்கூட எட்டாது. "நேற்றுக் காற்று சரியாகத்தானே இருந்தது, இன்று ஏன் இப்படி நெளிகிறது?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். வண்டியை வெளியே எடுத்து வைத்து, அரைமணி நேரம் கழித்து, குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் கேஜால் பாருங்கள். நிற்கவைத்து அடிக்கும் பெரிய பம்பின் முள்ளை இந்த வேலைக்கு நம்ப முடியாது.

பணம் ஒரு டயருக்குத்தான் இருக்கிறதா? முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும், இடுப்பை நகர்த்திச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது. ஒரு டயரே நூறு டாலரைத் தாண்டுகிறது என்பதால் இதைச் சொல்கிறேன், அடுத்த வருஷம் பின்னாலும் போட்டுக்கொள்ளலாம். பின்சக்கரத்தில் மட்டும் போட்டுக்கொண்டு வருவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மேட்டில் நன்றாக ஏறுகிறது என்று நம்பிக்கை வந்துவிடும், இறக்கத்தில் முன்சக்கரம் கைவிட்டுவிடும்.

ரப்பரையும் ஒரு பார்வை பாருங்கள். கோடையில் பாறையை ஒட்டிப் பிடிக்கும் மெத்தென்ற டயர்கள் குளிரில் விறைத்து மரக்கட்டையாகிவிடும். குளிர்காலத்துக்கென்றே கலந்த ரப்பர் மைனஸிலும் இளகி இருக்கும். ஃபின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் 1934இல் லாரிக்குக் குளிர்கால டயர் செய்யத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கத்து நாடுகள் இந்த விஷயத்தில் ஊறியவை. நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். பட்டன்களுக்கு இடையே இடைவெளியும் நன்றாக இருக்கட்டும், நெகிழ்ந்த பனியும் களியும் உதிர்ந்து போக வழி வேண்டும். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டயருக்கு இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்; ஆணி நீட்டிக்கொண்டிருப்பதையும், ஓட ஓடப் பக்கத்தில் அப்பிக்கொள்ளும் ஐஸையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக் வைத்த வண்டி இந்த வேலைக்கு வேண்டாம், ரிம்மில் ஐஸ் படிந்தால் பிரேக் இருந்தும் இல்லாத கதைதான்.

ஓட்டத் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. புது ஆணி டயரை நேராகக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வெறும் தார்ப்பாதையில், திடீர் பிரேக் இல்லாமல், எழுந்து நின்று மிதிக்காமல், சாதுவாக ஓட்டுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு ஆணியும் தன் குழியில் ஒழுங்காக உட்கார்ந்து ரப்பர் அதைச் சுற்றி இறுகும். இதைச் செய்யாதவர்களின் டயரில்தான் ஜனவரிக்குள் அங்கங்கே பல் விழுந்த குழிகள் தெரியும். டயருக்குச் சுழலும் திசை குறித்திருந்தால் அதைப் பார்த்து மாட்டுங்கள். பிறகும் அதை மாற்றாதீர்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்து பழகிய ஆணி எதிர்ப்பக்கம் சுழன்றால் தளர்ந்துவிடும். தார்ப்பாதையில் ஓடும்போது தாளிக்கையில் கடுகு வெடிப்பது மாதிரி சத்தம் வரும். அது கேட்கிறவரை கவலை வேண்டாம். காட்டுக்குள் அந்தச் சத்தம் சட்டென்று நின்றால் மட்டும் கீழே என்ன இருக்கிறது என்று கண்ணை வையுங்கள்.

டயர் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் உங்கள் காலணியில் ஆணி இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். ஐஸின் நடுவில் வண்டி தைரியமாக நிற்கும், நாம் காலை ஊன்றியதும் கால் வழுக்கி விழுவோம். நல்ல டயர் போட்டவர்கள் விழுவதில் பாதி இப்படித்தான் என்பது என் கணிப்பு. காலணியின் மேல் இழுத்து மாட்டும் முள்பட்டை கடைகளில் கிடைக்கிறது, ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். நிற்க வேண்டுமென்றால் ஐஸைத் தாண்டிப் போய் நில்லுங்கள்.

எப்போது போகக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. டான் பள்ளத்தாக்கின் மண் களிமண் வகை. பக்கத்தில் இருக்கும் பிரிக் வொர்க்ஸ் என்ற பழைய செங்கல் ஆலை, 1889இல் தொடங்கி ஏறக்குறைய நூறு வருஷம் இந்தப் பள்ளத்தாக்கின் களிமண்ணையும் ஷேல் பாறையையும் தோண்டித்தான் நகரத்தின் கட்டடங்களுக்குச் செங்கல் சுட்டது. அந்த மண் உறைந்திருக்கும்போது என்ன ஏறினாலும் தாங்கும். மேலே ஓர் அங்குலம் இளகி அடியில் உறைந்திருக்கும் நேரத்தில், நீர் கீழே இறங்க வழியில்லாமல், மேல்மண் கூழாக நிற்கும். அப்போது ஆணி டயர் ஓடினால் பாதையை உழுதுவிடும். நாம் விட்டுப்போகும் தடம் அன்றிரவே உறைந்து, மறுநாள் வரும் இன்னொருவரின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வசந்தத்தில் அதே தடத்தில் தண்ணீர் ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும். குரோதர்ஸ் உட்ஸ் 1995இலேயே சூழலியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அறிவிக்கப்பட்டது. நகருக்கு நடுவே பழைய பீச், மேப்பிள், ஓக் மரங்கள் நிற்கும் சொற்பமான காடுகளில் அதுவும் ஒன்று. அதன் பாதைகளில் ஓட்ட நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், அதைக் கெடுத்துவிட்டு அடுத்த வருஷமும் உரிமை கேட்க முடியாது. நம் டயர் மண்ணில் ஓர் அங்குலம் பதிகிறது என்றால் திரும்பிவிட வேண்டும், பாதி வழி வந்திருந்தாலும். வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டும் நாட்களில் விடிகாலையில் போய் ஒன்பது மணிக்குள் மேலே வந்துவிடலாம். இல்லையென்றால் லோயர் டானின் தார்ப்பாதையிலேயே ஓட்டிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்பலாம். நடப்பவர்களுக்கு வழி விடுவதும், நாய்களைக் கண்டால் நின்றுவிடுவதும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் படித்த பிறகு, "சரி, நீ என்ன வாங்கச் சொல்கிறாய்?" என்று நேரடியாகக் கேட்பவர்களுக்கு: 29 அங்குல வண்டி வைத்திருந்து, வாராவாரம் டானிலேயே ஓட்டுபவர்கள் ஐஸ் ஸ்பைக்கர் புரோ 2.25 அல்லது நிகோட்டின் 2.35, இரண்டில் எது கையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். தார்ப்பாதையில் அதிக தூரம் வந்து காட்டுக்குள் கொஞ்சமே ஓட்டுபவர்களுக்கு ஆணி குறைந்த நிகோட்டின் கொஞ்சம் லேசாக உருளும். கசிவுநீர் ஐஸே பெரிய பயமாக இருப்பவர்களுக்கு 402 ஆணி தரும் தைரியம் தேவைதான். பழைய 26 அங்குல வண்டியைக் குளிருக்கென்று ஒதுக்கியிருப்பவர்களுக்கு அதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது. உப்பில் துருப்பிடித்தாலும் மனசு வலிக்காது. அந்த அளவில் ஆணி டயர் இன்னும் கிடைக்கிறது, தேடி எடுக்க வேண்டும். டர்ஹம் பக்கமே குடியிருக்கும் இரண்டு குடும்பத்தாரும் ஃபேட் பைக் எண்ணத்தைக் கைவிட வேண்டாம். நான் மேலே எழுதியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

டிசம்பர் பாதியில் கடைகளில் நல்ல அளவுகள் தீர்ந்துவிடும், பிறகு பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே இந்த வாரமே அவரவர் ரிம் அகலத்தையும் ஃபோர்க்கில் இருக்கும் இடைவெளியையும் அளந்து எனக்கு அனுப்பிவிடுங்கள். சேர்த்து ஆர்டர் செய்தால் அனுப்புகூலியாவது மிச்சமாகும். டயர் வந்ததும் ஆணியை உட்கார வைக்கும் அந்த ஐம்பது கிலோமீட்டரையும் ஒன்றாகவே ஓட்டிவிடலாம், ஏரிக்கரைத் தார்ப்பாதையில் போய்த் திரும்பினால் சரியாக இருக்கும். கேஜ் இல்லாதவர்களுக்கு என்னுடையதைத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருவன்